நெஞ்சு என்ன சொல்லுது?

"தேங்காயைக் குடுங்கம்மா" என்று அந்த நர்ஸ் பெண் மறுபடியும் கேட்கிறாள். கொடுக்கமாட்டேன். வாயால் சொல்ல மூச்சு போதவில்லை, தலையை மட்டும் ஆட்டுகிறேன். கையில் ஊசி குத்த வேண்டுமாம். குத்தட்டும், இன்னொரு கை சும்மாதானே கிடக்கிறது. மண்டபத்திலிருந்து ஆட்டோவில், ஆட்டோவிலிருந்து தள்ளுவண்டியில், அதிலிருந்து இந்த எமர்ஜென்சி வார்டுக் கட்டிலுக்கு வந்து சேரும்வரை இந்த மஞ்சள் பூசிய தேங்காயை நான் விடவில்லை, இனிமேல் இவளிடமா விடப்போகிறேன். நெஞ்சுக்குள் ஓடுகிறது. ஓட்டமென்றால் சாதாரண ஓட்டமில்லை, துணி வைக்காமல் தையல் மிஷினை மிதித்துவிட்டால் ஊசி தன்பாட்டுக்கு இறங்கி ஏறுமே, அந்த ஓட்டம். தொண்டைக்குழியில் துடிக்கிறது, காதுக்குள் துடிக்கிறது, பட்டுப்புடவை முந்தானைகூடத் துடிக்கிறது, குனிந்து பார்த்தால் தெரிகிறது. தலைமாட்டில் ஒரு பெட்டி விடாமல் கத்துகிறது. அதில் பச்சை எழுத்தில் நூற்றுத் தொண்ணூற்றுச் சொச்சம். கால்மாட்டில் என் வீட்டுக்காரர், பெயர் ராஜாங்கம், என்னுடைய செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு பிரசாதம் வாங்க வரிசையில் நிற்பவரைப்போல் நிற்கிறார். "வாயுதான் டாக்டர். காலையில பொங்கல் சாப்பிட்டா" என்கிறார். முப்பது வருஷமாக இதே வைத்தியம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டால் அவருக்கு வாயு, கையில் ஓமத்தண்ணி. சிரிப்பு வருகிறது, சிரிக்கவும் மூச்சில்லை, இந்த நேரத்தில் சிரிப்பு வருகிறதே என்று பயமும் வருகிறது, பயம் வந்ததும் இன்னும் வேகமாக அடிக்கிறதோ என்று பெட்டியைப் பார்க்கிறேன், இல்லை, அது தன் வேகத்தில்தான் போகிறது, என் பயத்தைப் பற்றியோ சிரிப்பைப் பற்றியோ அதற்கு அக்கறையே இல்லை.

திரைச்சீலைக்குப் பக்கத்தில் அண்ணன். பட்டுவேட்டி, நெற்றியில் சந்தனம், முகம் மட்டும் வெளுத்துப்போய். மண்டிக்கடை சவுந்தரபாண்டியன் என்றால் திண்டுக்கல் மார்க்கெட்டில் நாலு பேருக்குத் தெரியும், ஒரு அதட்டலில் லாரியைத் திருப்புகிற ஆள், இப்போது திரைச்சீலையைத் திருகிக்கொண்டு நிற்கிறார். அவர் மகள் இலக்கியாவுக்கு இன்று நிச்சயதார்த்தம். இன்று என்ன, இப்போதுதான். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் இந்நேரம் மண்டபத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், அடுப்பில் சாம்பார் கொதித்து இறங்கியிருக்கும். தட்டு மாற்றப்போகிற நேரம். அண்ணன் தட்டைத் தூக்கினார், கண் தட்டில் இல்லை, மகளைக் கொடுக்கிறவர் கண் வேறெங்கே இருக்கும், உச்சியில் வைத்திருந்த தேங்காய் உருண்டது. நிச்சயத் தட்டிலிருந்து தேங்காய் தரையில் விழுந்தால் அதற்கு மேல் ஒரு கெட்ட சகுனம் உண்டா? பக்கத்தில் நின்றது நான். அத்தைக்காரி நிற்கவேண்டிய இடம் அது. இந்த ஐம்பத்து நாலு வயதில் எப்படித்தான் பாய்ந்தேனோ, குனிந்து, தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்துவிட்டேன். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நிமிர்ந்தேன். டக். சுவிட்சைத் தட்டினமாதிரி நெஞ்சு கிளம்பிவிட்டது. கை தானாக நெஞ்சுக்குப் போனது, அதை மட்டும் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். தேங்காய் விழுந்திருந்தால்கூட யாராவது பரவாயில்லை என்று சமாளித்திருப்பார்கள். நான் நெஞ்சைப் பிடித்தால் எங்கள் வீட்டில் சமாளிக்க முடியாது. அண்ணன் தட்டைக் கீழே வைத்துவிட்டார். மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். "மயிலுக்கு அடிச்சுக்கிருச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், அது பந்தல்வரை போய்த் திரும்பி வந்தது. சகுனத்தைப் பிடிக்கப்போய் நானே சகுனமாகிவிட்டேன்.

வள்ளிமயில் என்று வைத்த பெயர் மயிலு ஆனதும், மயிலு எங்கள் குடும்பத்துக்குக் குறி சொல்கிறவளாக ஆனதும் நான் கேட்டு நடக்கவில்லை. பதினாலு வயதில் வாசலில் கோலமாவுக் கொட்டாங்குச்சியை எடுக்கப்போனேன், முதல்முறையாக இப்படி டக்கென்று கிளம்பியது, அன்று சாயங்காலம் பெரிய மாமாவுக்கு மில்லில் கை சிக்கிவிட்டதென்று ஆள் வந்தது. "காலையிலயே பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குய்யா" என்றார்கள். அவ்வளவுதான். அப்புறம் அண்ணன் மஸ்கட் போகப் புறப்பட்ட அன்றைக்கு, கட்டிலுக்கடியில் இருந்து அவருக்காக டிரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தேன், அடித்துக்கொண்டது. அவர் போகவில்லை. விசா வாங்கிக்கொடுத்த ஏஜெண்டு பிறகு மோசடியில் கைதானான். அதோடு என் பேரைக் கேட்டாலே மரியாதை. ஒன்றுமே நடக்காமல் அடித்துக்கொண்ட நாட்கள் எத்தனையோ உண்டு, இட்லித் தட்டு எடுக்கையில், பீரோவின் கீழ்த்தட்டில் துணி அடுக்குகையில், அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்தார்கள், நானே வைக்கவில்லையே. நாகல் நகரில் ஒரு வீடு விலைக்கு வந்தது, எல்லாம் பேசி முடித்து, நான் தண்ணித்தொட்டி மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப்பார்த்தேன், அடித்துக்கொண்டது, வாங்கவில்லை. இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி. பஸ்ஸில் அந்த வழியாகப் போனால் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்து "வாயு வாங்கவிடலை" என்பார். இலக்கியாவுக்கு வந்த முதல் வரன், பழனிக்காரர்கள், காலி டம்ளர்களைச் சேகரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நத்தத்துக்காரர்கள், அவர்கள் வீட்டுக் குழந்தைக்குச் செருப்பு வார் மாட்டிவிட்டேன். இரண்டு தடவையும் அடித்துக்கொண்டது, இரண்டு வரனும் நின்றுபோயின. எதையாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்பார்: "மயிலு, நெஞ்சு என்ன சொல்லுது?" மயிலு என்ன சொல்கிறாள் என்று கேட்டதில்லை. நெஞ்சைத்தான் கேட்பார். பத்தாவதோடு நின்றவளை ஊரே மதிக்கும் மண்டிக்காரர் வந்து கேட்கிறார் என்றால் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்லவேண்டும்.

இந்த ஒரு தடவைதான் பெருமையாக இல்லை. ஆட்டோவில் இலக்கியா என் தோளைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் சொன்னாள், "அத்தை, முதல் ரெண்டு தடவை உனக்கு அடிச்சுக்கிட்டப்ப நான் சாமிக்குத் தேங்காய் உடைச்சேன், தெரியுமா. எனக்கு அவங்களைப் பிடிக்கவே இல்லை. இந்தத் தடவை மட்டும் ஏன் அத்தை?" முகிலன் அவளே பார்த்து வைத்த பையன். அண்ணனைச் சம்மதிக்க வைக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும், பாதிப் பாடு என் அடுக்களையில்தான் நடந்தது. தங்கமான பிள்ளை, போன மாதம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாறவில்லையென்றால் அண்ணன் இன்னொரு நாள் பார்க்கிறேன் என்பார், இன்னொரு நாள் என்றால் இனி இல்லை என்று அர்த்தம், அது எங்கள் வீட்டுப் பாஷை. ஏன் அத்தை என்கிறாள். எனக்கென்ன தெரியும் கண்ணு. ஒருவேளை நிஜமாகவே எதையோ சொல்கிறதோ. தட்டுக் கழுவுகிற பையன்களிடமும் ஏதாவது இருக்குமோ. இல்லை, என்னைத்தான் கூப்பிடுகிறதோ, இதுதான் என் முறையோ. அவளைப் பார்க்கிறேன், தாமரை நிறப் பட்டில் என் கட்டில் ஓரம் நிற்கிறாள், மை கலைந்து கன்னத்துக்கு வந்துவிட்டது, அப்படியும் அழகு. ரவிக்கையின் மேல்கொக்கி ஒன்று கழன்று கிடக்கிறது. யாராவது அவளிடம் சொல்லவேண்டும்.

டாக்டர் வருகிறாள். சின்னப்பெண், பெனாசிர் என்று சட்டைப்பையில் எழுதியிருக்கிறது. பெட்டியிலிருந்து நாக்கு மாதிரி நீளும் காகிதத்தைக் கிழித்துப் பார்க்கிறாள், முகம் மலர்கிறது, எனக்கு ஒரே ஆச்சரியம், என் நெஞ்சைப் பார்த்து இதுவரை ஒரு டாக்டரும் மலர்ந்ததில்லை. எத்தனை ஆஸ்பத்திரி. நான் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிவிடும், காகிதத்தில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், "டென்ஷன் ஆகாதீங்கம்மா" என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுப்பார்கள். போலீஸ் வருவதற்குள் ஓடிவிடுகிற திருடன். இன்று கையும் களவுமாக மாட்டிக்கொண்டது. "அம்மா, இந்த சிரிஞ்சுல வாயை வச்சு நல்லா ஊதுங்க, உள்ள இருக்கிற அந்தத் தண்டு நகரணும்" என்கிறாள். ஊதுகிறேன். அடுப்பு ஊதி வளர்ந்த வாய், ஊதத் தெரியாதா. "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க." கண் பிதுங்குகிறது. சட்டென்று தலைமாட்டைச் சாய்த்து என் இரண்டு காலையும் தூக்கிவிடுகிறார்கள், அட கடவுளே, புடவை, அண்ணன் நிற்கிறார், நர்ஸ் பெண் போர்வையை இழுத்து மூடிவிட்டாள், மகராசி. ஒரு காலை டாக்டர் பிடித்திருக்கிறாள், மற்றதை இலக்கியா. நிச்சயப் பெண் அத்தைக்காரியின் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், இதைவிட ஒரு கோலம் உண்டா, போட்டோக்காரனை ஏன் கூட்டிவரவில்லை. பெட்டி ஒரு கணம் தடுமாறியது. எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். மறுபடியும் அதே கத்தல். "விடமாட்டேங்குதே" என்றார் வீட்டுக்காரர், முதல்முறையாக வாயு என்று சொல்லாமல். அவர் முகத்தைப் பார்த்தேன். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார். அட, இந்த மனிதருக்கும் பயம் வந்துவிட்டதா என்று எனக்கு அழுகை முட்டியது.

காலை இறக்கிக்கொண்டே டாக்டர் சாதாரணமாகக் கேட்கிறாள், "அம்மா, குனிஞ்சு எதையாவது எடுக்கிறப்ப இது வருமா?" என்ன? "சிலருக்கு பிறக்கும்போதே இதயத்துல ஒரு வயர் கூடுதலா இருக்கும்மா. கரண்ட் அந்தக் குறுக்கு வழியில பூந்து வட்டம் வட்டமா சுத்தும். குனிஞ்சு நிமிர்ந்தா, இருமினா, வெயிட் தூக்கினா, சிலசமயம் சும்மாவேகூட கிளம்பிரும். பயத்தால வர்றதில்ல, மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." குனிந்தா? நான் தேங்காயைப் பார்க்கிறேன். குனிந்து பிடித்த தேங்காய். அதற்கு முன்னால் செருப்பு வார், குனிந்துதான். டம்ளர், தரையிலிருந்துதானே எடுத்தேன். தண்ணித்தொட்டி, குனியாமல் எப்படி எட்டிப்பார்ப்பது. டிரங்குப் பெட்டி. கோலமாவு. வரிசையாக வந்து நிற்கின்றன, எல்லாம் தரையில் இருந்தவை, எல்லாவற்றுக்கும் நான் குனிந்திருக்கிறேன். பெரிய மாமாவின் கைக்கும் கொட்டாங்குச்சிக்கும் என்ன சம்பந்தம்? அந்த மூன்று மாடி வீட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை, தொட்டி மூடிதான் கீழே இருந்தது. முகிலன் மேல் குற்றமில்லை. என் மேல்கூட இல்லை. ஒரு வயர். எங்கள் குடும்பம் இத்தனை வருஷம் ஒரு வயரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தது. சிரிக்கிறேன், அடக்க முடியவில்லை, முதுகு குலுங்குகிறது, நர்ஸ் பெண் பயந்துபோய் என் நெற்றியைத் தொடுகிறாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஓரிடத்தில் நினைப்பு முள்ளில் மாட்டிய முந்தானையாக நின்றுவிட்டது. நெஞ்சு ஒன்றும் சொல்லவில்லை என்றால், அண்ணன் இனி எதற்குக் காப்பி குடிக்க வருவார்? நெஞ்சைக் கழித்துவிட்டால் மயிலு என்று என்ன மிச்சம்? வெறும் பத்தாவது. வெறும் அத்தை. இழுத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

"ஒரு ஊசி போடப்போறேன்மா. மருந்து உள்ள போனதும் இதயம் சில செகண்டு நிக்கும். அப்ப நெஞ்சை அழுத்தும், மூச்சு முட்டும், உடம்பெல்லாம் சூடு பாயும், சொல்லப்போனா செத்துப்போற மாதிரியே இருக்கும். பயப்படாதீங்க, உடனே போயிரும். நாங்க பக்கத்துலயே இருக்கோம்." இப்படிக்கூட ஒருத்தி சொல்லிவிட்டுச் செய்வாளா என்று பார்க்கிறேன். எதையும் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்துவிட்டது. அண்ணன் திரைச்சீலையை விட்டு முன்னால் வந்துவிட்டார். "வேணாம் டாக்டர். நிக்கும்னு சொல்றீங்க. மயிலு, நெஞ்சு என்ன சொல்லு..." என்று ஆரம்பித்து, பெட்டியைப் பார்த்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நான் வீட்டுக்காரரைப் பார்க்கிறேன். அவர் செருப்பைக் கீழே வைத்தார். பக்கத்தில் வந்து தேங்காயோடு சேர்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "போடச் சொல்லு மயிலு. உனக்கு அடிச்சுக்கிறப்பல்லாம் எனக்கு ராத்தூக்கம் கிடையாது. வாயுன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் தேத்திக்கிட்டேன்." அடப்பாவி மனுஷா. இத்தனை வருஷ ஓமத்தண்ணியும் உங்கள் பயத்துக்குத்தானா. போடுங்கம்மா என்று தலையாட்டினேன்.

கையைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு குழாயில் மருந்து, பின்னாலேயே ஒரு தண்ணீர்த் தள்ளல், தோள்வரை சில்லென்று ஓடுகிறது. ஒன்றுமில்லையே என்று நினைக்கிறேன். ஒன்றுமில்லை என்று நினைத்து முடிப்பதற்குள் முகத்தில் தீ. அடுப்பின் மேல் குனிந்த மாதிரி கழுத்து, காது, கண் எல்லாம் காய்கிறது. நெஞ்சின் மேல் ஒரு நெல் மூட்டையை இறக்கி வைக்கிறார்கள், யார் அது, எடுங்கள், எடுங்கள், மூச்சு உள்ளே போகும் வழி அடைபட்டுவிட்டது, கட்டில் கீழே போகிறது, கூரை விளக்கு தூரமாகப் போகிறது, பெட்டியின் கத்தல் நின்றுவிட்டது, கோடு படுத்துவிட்டது, அடிக்கவில்லை, உள்ளே ஒருத்தரும் இல்லை, வாசல் திறந்து கிடக்கிற வீடு, இதுதானா, இவ்வளவுதானா, சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வரவில்லை, இலக்கியாவின் ரவிக்கைக் கொக்கி கழன்றிருக்கிறதே, சபையில் போய் நிற்கவேண்டிய பெண், யாரும் பார்க்கவில்லையே, நான் சொல்லாமல் போனால் யார் சொல்வார்கள், மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிடுவாளே, கொக்கி, கொக்கி

தொம்.

அப்புறம் வெகுநேரம் கழித்து இன்னொரு தொம். இன்னொன்று. கிணற்றில் குடம் இறங்குகிற மாதிரி, அவசரமில்லாமல், ஒவ்வொன்றும் முழுதாக. மூட்டையை யாரோ எடுத்துவிட்டார்கள். காற்று உள்ளே வருகிறது, ஆஸ்பத்திரி டெட்டால் காற்றுதான், என்ன ருசி. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்து சட்டென்று நின்றால், அடடா இவ்வளவு சத்தத்திலா இருந்தோம் என்று தெரியுமே, அப்படி ஒரு அமைதி உடம்புக்குள். விரல்நுனிவரை நான் இருக்கிறேன். பெட்டியில் எழுபத்து நான்கு. "கொக்கியை மாட்டுடி" என்றேன். அதுதான் என் வாயில் வந்த முதல் வார்த்தை. இலக்கியா புரியாமல் விழித்து, ரவிக்கையைத் தடவிப் பார்த்து, மாட்டிக்கொண்டே அழுது, அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டர் காகிதத்தைக் காட்டுகிறாள், இங்கே ஓடியது, இங்கே நின்றது, இங்கே நேராகிவிட்டது. "மறுபடி வரலாம்மா, அந்த வயரைச் சின்ன சிகிச்சையில எடுத்துரலாம், அப்புறம் பேசுவோம். இப்ப பயமில்ல." சந்தோஷமாக இருக்கிறது. வேறெப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, முதுகுக்கடியில் கட்டில் இருக்கிறது என்பதே சந்தோஷமாக இருக்கிறது.

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. சுவரில் கடிகாரம் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அவர் போன் சட்டைப்பையில் துடித்துக்கொண்டே இருக்கிறது, மண்டபத்திலிருந்துதான். தயங்கித் தயங்கிக் கேட்டார், "இப்ப... இப்ப நெஞ்சு என்ன சொல்லுது மயிலு?" எழுபத்து நான்கு என்று சொல்கிறது, வேறொன்றும் சொல்லவில்லை, என்றைக்கும் சொன்னதில்லை. முள்ளில் மாட்டியிருந்த முந்தானை அப்போது விடுபட்டது. கேட்கிறாரே, இன்னும் கேட்கத்தானே செய்கிறார்.

"அது ஒண்ணும் சொல்லாதுண்ணே. டாக்டரம்மா சொன்னதைக் கேட்டீங்கள்ல, அது வயரு. இனிமே என்னைக் கேளுங்க. நான் சொல்றேன், முகிலன் நல்ல பிள்ளை. தட்டை மாத்துங்க. மதினி காத்துக்கிட்டிருக்கும், ஓடுங்க."

அண்ணன் அதட்டுவாரோ என்று நினைத்தேன். "நீ சொல்றியா?" என்றார். "நான்தான் சொல்றேன்" என்றேன். "சரி ஆத்தா" என்று வேட்டியை மடித்துக் கட்டினார், அவ்வளவுதான், லாரியைத் திருப்புகிற ஆள் திரும்பிவிட்டார். இலக்கியாவைக் கூப்பிட்டு அவள் இரண்டு கையிலும் தேங்காயை வைத்தேன். மஞ்சள் பாதி என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. "கீழ விழலை, தெரியுமில்ல? நான் பிடிச்சிட்டேன்" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொடப்போனாள், "குனியாத, ஓடு" என்று விரட்டினேன். பட்டு சரசரக்க வராந்தாவில் ஓடுகிறாள், பின்னால் அண்ணன் வேட்டியும் சந்தனமுமாக ஓடுகிறார், யாருக்கோ டிரிப்ஸ் கொண்டுபோகிற நர்ஸ் ஒதுங்கி வழிவிட்டுச் சிரிக்கிறாள்.

அதற்கப்புறம் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான். ஆட்டோ கிடைத்திருக்குமா, இந்தக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு முனையில் மாட்டிக்கொண்டிருப்பார்களோ, ஓடியே போயிருப்பாள், அவள் ஓடுவாள். வீட்டுக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். செருப்பை ஒழுங்காகக் கட்டிலுக்கடியில் சோடி சேர்த்து வைத்துவிட்டார். போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். முதலில் ஒரே இரைச்சல், யாரோ "தள்ளுங்க தள்ளுங்க" என்றார்கள், மதினி மூச்சிரைக்க "மயிலு, கேக்குதா மயிலு" என்றாள், அப்புறம் குலவைச் சத்தம். பத்துப் பதினைந்து பெண்கள் சேர்ந்து போட்ட குலவை, போனுக்குள் அடங்காமல் பிதுங்கிக்கொண்டு இந்த வார்டு முழுக்க வந்து நிறைந்தது. பக்கத்துக் கட்டிலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். தட்டு மாறிவிட்டது. ராகுகாலத்துக்கு முன்னால் மாறிவிட்டது. எனக்குள் என்னமோ அடிவயிற்றிலிருந்து பொங்கி மேலே வந்தது, தலைமாட்டில் பெட்டியும் படிப்படியாக ஏறியது, எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து. வீட்டுக்காரர் பதறி எழுந்துவிட்டார்.

"ஏய், என்ன மயிலு, மறுபடி கிளம்பிருச்சா? டாக்டரக் கூப்பிடவா?"

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"இல்லைங்க. இது நான்" என்றேன்.